ஐந்து பூச்சு

3 ஜூன் 2025, செவ்வாய்

கோப்பு இன்று மதியம் வந்தது. தாமதத்துக்காகக் கூரியர்க்காரரிடம் சண்டை போடுவது என் வழக்கம். இன்று முதல் தாளைப் பார்த்ததும், அவருக்கு மோர் கொடுக்கும்படி மனைவி செண்பகத்திடம் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை.

முதல் தாளில் இருந்தது: அடைக்கலமாதா ஃபைபர் ஒர்க்ஸ், அமலித்துறை. உரிமையாளர் ச. இன்னாசி, வயது 62.

பத்தொன்பது வருடம். நான் தேடிப் போகவில்லை. அவனாகவே என் மேசைக்கு வந்திருக்கிறான்.

என் வேலை என்ன என்பதை எனக்கே அவ்வப்போது நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கண்ணாடியிழைப் படகு கட்டும் பட்டறைக்கு அங்கீகாரம் வேண்டும். அது இல்லாத பட்டறையின் படகைப் பதிவு செய்ய மாட்டார்கள். அங்கீகாரம் கேட்பவரின் பட்டறைக்கு ஒரு சோதனை நிறுவனத்தின் சார்பில் நான் போகிறேன். படகிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு வெட்டுகிறேன், எரிக்கிறேன், எடை பார்க்கிறேன், அறிக்கை எழுதுகிறேன். பாலிமர் பொறியியலில் எம்.டெக்., பல்கலைக்கழகத்தில் இரண்டாமிடம். முதலிடம் யாருக்குப் போனது, ஏன் போனது என்பது வேறு கதை. ஐம்பத்து நான்கு வயதில் தோள்பையில் ரம்பத்தோடு பேருந்தில் போகிறேன்.

படிவத்தில் பதினான்காம் கட்டம்: 'உரிமையாளர் மீது பொருள் திருட்டு, தரக்குறைவு தொடர்பான முன்குற்றச்சாட்டு உண்டா? உண்டு எனில் விவரம்.' அதில் 'உண்டு' என்று வந்துவிட்டால் மற்றக் கட்டங்களை யாரும் படிப்பதில்லை. இதுவரை நாற்பத்தொரு கோப்புகளில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். இன்று முதலில் அந்தக் கட்டத்தைத்தான் நிரப்பினேன்.

உண்டு.

பென்சிலால்தான். பட்டறையைப் பார்க்காமல் மையால் எழுதுவது முறையல்ல.

4 ஜூன், புதன்

இருப்புக்கொள்ளவில்லை. மொட்டைமாடியில் துணிக்கொடியை அவிழ்த்து மறுபடி கட்டினேன். நைலான் ஈரம் பட்டால் நீளும் என்று எத்தனை முறை சொன்னாலும் இந்த வீட்டில் நைலான்தான் வாங்குவார்கள். குளியலறையில் சிவப்பு வாளி விளிம்போடு பிளந்திருக்கிறது. வெயிலில் வைக்காதே என்றால் செண்பகம், "வாளிய வெயில்ல வைக்காம ஃப்ரிட்ஜுலயா வைக்க?" என்கிறாள்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைத்தால் மனம் அடங்கும்.

சுனாமிக்கு அடுத்த வருடம் ஒரு தொண்டு நிறுவனம் மீனவர்களுக்கு அறுபது படகு கொடுக்க முன்வந்தது. சென்னை முதலாளி ஒருவர் திருச்செந்தூர்ப் பக்கம் பட்டறை திறந்தார். கல்லூரி விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு நான் அங்கே மேலாளராகப் போனேன். ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி இன்னாசி. அதற்கு முன் அவன் மர வள்ளங்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன்.

படகின் அடிப்பகுதி எளிய விஷயம். அச்சின் உள்பக்கம் முதலில் ஜெல்கோட் என்ற வண்ணப் பிசினைத் தடவுவார்கள். அதன்மேல் கண்ணாடியிழை விரிப்பு, பட்டறை மொழியில் 'மேட்'. அதில் ரெசின் என்ற பிசினை ஊற்றி உருளையால் தேய்த்து ஊறவைத்து, மேலே அடுத்த மேட். கண்ணாடி தனியாக நொறுங்கும். ரெசின் தனியாக வெடிக்கும். சேர்ந்து இறுகினால் கடலைத் தாங்கும். என் கணக்கில் அடிப்பகுதிக்கு ஐந்து மேட்.

இரண்டாம் பருவத்தில் பதினோரு படகுகளின் அடி விரிசல் விட்டுப் பிளந்தது. ஆட்களைப் பக்கத்துப் படகுகள் காப்பாற்றின. நான் ஒரு படகை வெட்டி எரித்துப் பார்த்தேன். நான்கே மேட். ஐந்தில் ஒரு பங்கு கனம் குறைந்தால் விறைப்பு பாதியாகிவிடும் என்பது பாலிடெக்னிக் மாணவனுக்கும் தெரியும். கொட்டகையின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் பதினான்கு உருளை மேட் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. இன்னாசியைத் தவிர அங்கே யாரும் போவதில்லை. அறிக்கை எழுதினேன். அவனை இரண்டு நாள் காவல் நிலையத்தில் வைத்திருந்து பிறகு விட்டுவிட்டார்கள். வழக்கு நிற்கவில்லை. தொண்டு நிறுவனம் விலகியது, பட்டறை மூடியது, விட்டு வந்த கல்லூரி வேலை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் என் மாணவன் நயினார் உட்கார்ந்தான். இன்று அவன்தான் துறைத்தலைவர்.

ஒரே ஒரு திருடன் என் வாழ்க்கையில் வந்தான். அவ்வளவுதான் கதை.

அறிவுறுத்தல் இல்லாமலா விட்டேன்? எந்தப் பாகத்துக்கு என்ன, எத்தனை என்று ஒரு தாளில் என் கையெழுத்தில், நல்ல தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். கோட்டு, லேயரு என்ற கலப்படமெல்லாம் கிடையாது. ஒரு நாளும் அவன் என்னிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டதில்லை.

6 ஜூன், வெள்ளி

அமலித்துறை போய் வந்தேன். மூன்று பேருந்து.

இறங்கி வழி கேட்டால் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "யாரு, மேட்டு இன்னாசி கம்பெனியா? நேரா போங்க" என்றார். இரண்டாவது ஆளும் அதே பெயரைச் சொன்னார். மேட்டு நிலத்தில் இருக்கிறது போலும் என்று நினைத்து நடந்தேன். பட்டறை இருக்கும் இடம் கை விரித்தாற்போல் சமதரை. கடற்கரையில் பெயர் வைப்பவர்களுக்குத் தர்க்கம் கிடையாது.

தகரக் கூரை, இரண்டு அச்சு, ரெசின் வாடை. நிர்வாகம் அவன் மகள் ஜெனோவா. முப்பது வயதிருக்கும், கையுறை போட்டுக்கொண்டு தானும் வேலை செய்கிறாள். என் அடையாள அட்டையைப் படித்தாள். பெயரைப் படித்ததும் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு, "ஆவுடையப்பன் சார்," என்று எனக்கே என்னை அறிமுகம் செய்வதுபோல் சொல்லிவிட்டு நாற்காலி போட்டாள்.

இன்னாசி வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. முறைப்பான், அல்லது காலில் விழுவான் என்று எதிர்பார்த்திருந்தேன். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவன், "வெயில்ல நிக்காதிய சார், உள்ள வாங்க" என்றான்.

வேலையைப் பார்த்தேன். ஒரு மேட் விரித்து ஊறவைத்ததும் ஜெனோவா, "மேட் ரெண்டு" என்று சத்தமாகச் சொல்கிறாள். உருளை பிடிப்பவர்கள், "மேட் ரெண்டு" என்று திருப்பிச் சொல்கிறார்கள். பிறகு ஒருத்தி பலகையில் எழுதி, கையெழுத்துப் போடுகிறாள். அடுத்த மேட்டுக்கும் அதே. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல் இருக்கிறது. ஜெல்கோட் தடவும்போது மட்டும் யாரும் எதுவும் எண்ணவில்லை. எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டேன்.

"எங்க அப்பா வச்ச சட்டம் சார்," என்றாள் ஜெனோவா. "சர்ச்சுல செபம் தப்பினாலும் இது தப்பக்கூடாது."

இன்னாசி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். நடிப்பு. ஆய்வாளர் வரும் நாளில் எல்லாப் பட்டறையும் கோயிலாகிவிடும்.

துண்டு வெட்டிக்கொண்டேன். ஆறு படகுக்கு ஆர்டர் இருக்கிறதாம். இதுவரை வேறொருவரின் அங்கீகாரத்தில், வேறொருவரின் பெயர் போட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இனி சொந்தப் பெயர் வேண்டுமாம். அவளிடம் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

8 ஜூன், ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். செண்பகம் தன் தங்கை வீட்டுக்கு வரச் சொன்னாள். போகவில்லை.

9 ஜூன், திங்கள்

துண்டை எரிக்கும் உலை என் பழைய கல்லூரியில்தான் இருக்கிறது. அதைத் தொட நயினாரின் அனுமதி வேண்டும். எழுந்து நின்று "வாங்க சார்" என்றான். எழுந்து நிற்பது இப்போது அவனுக்கு இலவசம். அவன் மேசையில் பாலிமர் கலைச்சொல் தொகுப்பு, புதிய பதிப்பு. அந்தக் குழுவில் முதலில் நானும் இருந்தேன். 'லேயர்' என்பதற்கு 'பூச்சு' என்று நான் சொன்னேன். 'அடுக்கு' என்று அவன் சொன்னான். அடுக்கு என்றால் சமையலறைப் பாத்திரம்தான் நினைவுக்கு வரும் என்று எட்டுப் பேர் நடுவில் சிரித்தேன். நான் குழுவை விட்டு வந்ததும் 'அடுக்கு' என்று அச்சிட்டுவிட்டார்கள்.

உலைக்கூடத்தில் உதவியாளர் முத்துக்கனி. அதிகம் பேசாத பெண். அறுநூறு டிகிரியில் ரெசின் முழுவதும் எரிந்து போகும், கண்ணாடி அப்படியே மிஞ்சும். தட்டை வெளியே எடுத்தால் வெள்ளை வெளேரென்று மேட்டுகள் மட்டும், இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணலாம். பொய் சொல்ல முடியாத சோதனை இது ஒன்றுதான்.

ஐந்து மேட். கண்ணாடியின் அளவு சரி. காற்றுக் குமிழ் இல்லை. நாற்பத்திரண்டு கோப்புகளில் இதைவிட நல்ல துண்டை நான் பார்த்ததில்லை.

ஒரு திருடன் திருந்தியிருக்கலாம். பதினான்காம் கட்டம் திருந்தியதைக் கேட்கவில்லை. குற்றச்சாட்டு உண்டா என்றுதான் கேட்கிறது.

11 ஜூன், புதன்

மறுபடி அமலித்துறை. ஓரங்களின் கனத்தை அளக்க வேண்டியிருந்தது. அதற்காக யாரும் இரண்டாம் முறை போவதில்லை என்பதை ஜெனோவா முகத்தில் பார்த்தேன்.

அளந்தேன். குறை இல்லை. கிளம்பும்போது இன்னாசி, பின்பக்கம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று அழைத்துப் போனான். நான்கு கல்தூணின் மேல் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. ஆட்டுக்கொட்டகைக்கு அதுதான் கூரை. நீலம் வெளுத்து, நடுவில் நீளமாக ஒரு விரிசல். முனையில் எண் 27. எங்கள் பட்டறைப் படகு. யாருக்கும் வேண்டாத கண்ணாடியிழைப் படகை என்ன செய்ய முடியும்? மட்காது, உருகாது, அடுப்புக்கும் ஆகாது. கூரைதான்.

"இதுல ஒரு துண்டு வெட்டி எரிச்சுப் பாருங்க சார்," என்றான்.

அதுதான் 2006இலேயே எரித்தாயிற்றே, நான்கு மேட் இருந்ததே, என்றேன்.

"நாலு மேட்டுதான். நான் இல்லங்கல." ஆடு ஒன்றைத் தள்ளிவிட்டு எனக்கு இடம் செய்தான். "திரும்பப் பாருங்கன்னுதான் சொல்லுதேன். அன்னிக்கு நீங்க அவசரத்துல இருந்திய."

குற்றத்தை ஒப்புக்கொள்கிறான், அதே வாயால் எரிக்கவும் சொல்கிறான். வெட்டினேன். மறுத்தால் பயந்ததுபோல் ஆகும்.

12 ஜூன், வியாழன்

துண்டு பையிலேயே இருக்கிறது.

13 ஜூன், வெள்ளி

மூன்று முறை பையைத் திறந்து மூடினேன். செண்பகம் பார்த்துவிட்டாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நான் நடப்பதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள் போல.

"உக்காருங்களேன். தரை தேஞ்சிரும்."

உட்கார்ந்தேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, பையில் இருப்பது இன்னாசியின் படகா என்றாள். எப்படித் தெரியும் என்றேன். கல்யாணம் ஆகி ஆறாவது வருடத்திலிருந்து அந்தப் பெயரைத்தானே தினமும் கேட்கிறேன், என்றாள். பிறகு, "அந்த மனுசன் ஒங்கட்ட வந்து ஒரு வார்த்த கூட கேக்கலையாங்க? சந்தேகம்னு?" என்றாள்.

கேட்கவில்லை என்றேன். பத்தொன்பது வருடமாக அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

ஏதோ ஒருமுறை அலுவலக வாசலில் வந்து நின்றான். மதிய நேரம். தொலைபேசியில் இருந்தேன். என்னவோ கேட்டான். விடுப்பாக இருக்கும்.

15 ஜூன், ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இன்று படகுகள் கடலுக்குப் போயிருக்கும். செய்தித்தாளில் படம் போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் கண்ணாடியிழைப் படகுகள். எத்தனை மேட் என்று படத்தில் தெரியாது.

16 ஜூன், திங்கள்

எரித்தோம்.

நான்கு. நான் அன்றைக்குச் சொன்னது சரி. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

முத்துக்கனி தட்டை எடுத்து வைத்துவிட்டுப் பதிவுத்தாளை நிரப்பினாள். தட்டில் மிஞ்சியதை வெளிப்பக்கத்திலிருந்து வரிசையாக எழுத வேண்டும், அது அவர்கள் முறை. தாளை வாங்கிப் பார்த்தேன். ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருந்தாள். மேட் நான்குதானே இருக்கிறது, கண்ணில்லையா என்று சத்தம் போட்டேன். அவள் இடுக்கி முனையால் தட்டின் ஓரத்தில் இருந்த சாம்பல்நிறப் பொடியைக் காட்டினாள். ஜெல்கோட் எரிந்தது போக அதன் நிறமி அப்படித்தான் மிஞ்சும்.

"இதுதான் ஒண்ணு சார். மேட்டு நாலு."

மேட்டைத்தான் எண்ண வேண்டும், பொடியை யார் எண்ணச் சொன்னது என்றேன்.

"அதுவும் ஒரு பூச்சுதான சார்."

தாளை அவளிடமே கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். நயினார் கண்ணாடி வழியாகப் பார்த்தான். காபி குடிக்கக் கூப்பிட்டான். போகவில்லை.

17 ஜூன், செவ்வாய்

ஒரு படகின் அடிக்கு ஒரு மேட் ஒன்பது கிலோ. அறுபது படகு. ஐந்நூற்று நாற்பது கிலோ. ஓர் உருளை முப்பத்தெட்டரைக் கிலோ. பதினான்கு உருளை.

நான்கு முறை போட்டுப் பார்த்தேன்.

18 ஜூன், புதன்

இன்னாசி அன்று விடுப்பு கேட்கவில்லை.

அந்த மதியம் எனக்கு முழுசாக நினைவிருக்கிறது. நினைவில்லாத மாதிரி எழுதுவது வசதியாக இருந்தது. கண்ணாடித் தடுப்பு போட்ட அறை. கலைச்சொல் குழுச் செயலரோடு தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருந்தேன், பூச்சா அடுக்கா என்றுதான். இன்னாசி வாசலில் நின்றான். செருப்பைக் கழற்றி விட்டிருந்தான். ரெசின் ஒட்டிய விரல்களை லுங்கியில் துடைத்துக்கொண்டே, "சார், நீங்க எழுதுன அஞ்சுல ஜெல்கோட்டயும் சேத்தியா?" என்றான். பேசும் குழலைக் கையால் பொத்திக்கொண்டு நான் சொன்னேன்: "அஞ்சுன்னா அஞ்சு. தமிழ்லதான எழுதியிருக்கேன்?"

போய்விட்டான்.

பெயின்ட் அடிப்பவனுக்கு முதலில் தடவுவதுதான் முதல் பூச்சு. அறுபது படகுக்கும் ஐந்து பூச்சு போட்டிருக்கிறான். குறையாமல், கூடாமல்.

மிஞ்சிய உருளைகள் நனையாமல் இருக்கத் தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறான்.

19 ஜூன், வியாழன்

எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. கோப்பில் வேலை எதுவும் மிச்சமில்லை.

ஜெனோவா வாசலிலேயே நிறுத்தி, இன்னும் எதை அளக்க வேண்டும் என்றாள். அவள் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றேன். வழி விட்டாள்.

இன்னாசி ஆட்டுக்கொட்டகையில் இருந்தார். துண்டை எரித்தேன் என்று சொன்னேன். தலையாட்டினார். நான்கு மேட், ஒரு ஜெல்கோட், என்றேன். அதற்கும் தலையாட்டினார். பிறகு உள்ளே போய்ப் பலகைபோல ஒன்றை எடுத்து வந்தார். சீலைத்துணியால் துடைத்து என் மடியில் வைத்தார்.

என் தாள். சுவரில் ஒட்டினால் ரெசின் தெறித்து அழுக்காகிறது என்று அந்தக் காலத்திலேயே ஆட்கள் அதைத் தெளிந்த ரெசினுக்குள் வைத்து வார்த்திருக்கிறார்கள். ஓரம் கொஞ்சம் மஞ்சளித்திருக்கிறது. எழுத்து நேற்று எழுதியதுபோல் இருக்கிறது. நீல மை. என் 'ழ'வின் வால் நீளமாக இருக்கும், நயினார் அதைக் கேலி செய்வான். 'படகின் அடிப்பகுதி: ஐந்து பூச்சு.' அதற்குக் கீழே பெருமையோடு என் கையெழுத்து.

மேட் என்ற சொல் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. அது ஆங்கிலம் என்பதால் நான்தான் விலக்கியிருந்தேன்.

காவல் நிலையத்தில் இதைக் காட்டவில்லையா என்று கேட்டேன்.

"காட்டுனேன். ஏட்டய்யா படிச்சிட்டு, அஞ்சுன்னுதான போட்டிருக்கு, நீ நாலுல்ல வச்சிருக்கங்காரு. அவருக்கு மேட்டும் தெரியாது, பூச்சும் தெரியாது." சிரித்தார். "எனக்கு மட்டும் தெரிஞ்சா இருந்துச்சு? வெளிய வந்து நாலஞ்சு வருசங் கழிச்சுக் கொல்லத்துல வேற கம்பெனில சேந்தேன். அங்க ஒரு மலையாளி மேஸ்திரி ஜெல்கோட்ட எண்ணாம மேட்ட மட்டும் எண்ணுதான். அப்பந்தான் வெளங்கிச்சு. அன்னிக்குச் சோறு எறங்கல சார்."

ஏன் என்னைத் தேடி வந்து சொல்லவில்லை என்றேன். கேட்கக் கூடாத கேள்வி. வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஒரு தடவ வந்து கேட்டேன்லா," என்றார்.

ஆடு ஒன்று என் பையை முகர்ந்தது. தெருவில் யாரோ, "மேட்டு இன்னாசி அண்ணாச்சி இருக்காவளா?" என்று சத்தமாகக் கேட்டார்கள். ஜெனோவா பதில் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். அந்தப் பெயர் எப்போதிலிருந்து என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. மேட்டு நிலம் எதுவும் அந்த ஊரில் இல்லை. மேட்டுக் கள்ளன் என்று தொடங்கி, கள்ளன் மட்டும் காலப்போக்கில் உதிர்ந்திருக்க வேண்டும். இவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார், பெயரைக் கேட்டதும் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள் என்பதை மட்டும் அவளாகச் சொன்னாள். ஊர்ச் செய்தியைச் சொல்வதுபோல் சொன்னாள்.

பதினான்காம் கட்டத்தைப் பற்றி நானே எடுத்துச் சொன்னேன். கவலைப்பட வேண்டாம், 'இல்லை' என்று எழுதிவிடுகிறேன், பழைய அறிக்கை என்னைத் தவிர யாரிடமும் இல்லை, அங்கீகாரம் வந்துவிடும் என்றேன். பெரிய உபகாரம் செய்வதுபோல் சொன்னேன் என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

ஜெனோவா முகம் தெளிந்தது. இன்னாசி தலையை ஆட்டவில்லை.

"இல்லன்னு எழுதாதிய சார்."

"அப்பா, சும்மாருங்க," என்றாள் ஜெனோவா.

"நீ இரு." என்னைப் பார்த்தார். "இல்லன்னு எழுதுனா நடக்கவே இல்லன்னு ஆயிரும். நடந்துச்சுல்லா? ரெண்டு நாள் உள்ள இருந்தேன். ஊரே பாத்துச்சு. நடந்தத நடந்தபடி எழுதுங்க. அதுல ஆர்டர் போனாலும் போவட்டும்."

திரும்பும் வழியில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

20 ஜூன், வெள்ளி

மூன்று வழி இருக்கிறது. 'உண்டு' என்று மட்டும் எழுதினால் அவர் முடிந்தார். 'இல்லை' என்று எழுதினால் அங்கீகாரம் கிடைக்கும், என் மேலும் தூசு படாது. மூன்றாவதை, நடந்ததை நடந்தபடி எழுதினால், தன் தாளைத் தானே படிக்கத் தெரியாத ஒருவனைத்தான் இத்தனை நாள் படகுகளைப் பார்க்க அனுப்பினோமா என்று நிறுவனம் கேட்கும். சரியான கேள்வி.

பென்சில் எழுத்தை அழித்தேன். அழுத்தி எழுதியிருக்கிறேன். தடம் போகவில்லை.

21 ஜூன், சனி

வாளி வாங்கினேன். மறுபடி சிவப்பு. கடையில் வேறு நிறம் இல்லை.

23 ஜூன், திங்கள்

கணினியில் அடித்தேன். ஏழு வரைவு கிழித்தேன். எட்டாவதிலும் எங்காவது ஓரிடத்தில் 'தவிர்க்க முடியாத சூழலில்' என்று வந்துவிடுகிறது. செண்பகத்திடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து, அந்த வரியில் விரலை வைத்து, "தவுத்திருக்கலாமே," என்றாள். எடுத்துவிட்டேன்.

அனுப்பியதன் படி இது:

'உண்டு. 2006இல் இவர் மீது கண்ணாடியிழை விரிப்புத் திருட்டுக் குற்றசாட்டு எழுப்பப்பட்டது. எழுப்பியவன் நான். அது தவறு. என் அறிவுறுத்தல் தாளில் விரிப்பு என்றோ மேட் என்றோ எழுதாமல் பூச்சு என்று எழுதினேன். அவர் எழுதியபடி ஐந்து பூச்சு இட்டார். ஜெல்கோட் அதில் ஒன்று. ஐயம் தோன்றி என்னிடம் வந்து கேட்டார். நான் விளக்கவில்லை. பதினான்கு உருளையும் மிச்சம்; எதுவும் திருடு போகவில்லை. பதினோரு படகுகள் விரிந்ததற்குப் பொறுப்பு என்னுடையது. 27ஆம் எண் படகின் சோதனை முடிவும், அந்தத் தாளின் படமும் இணைக்கப்பட்டுள்ளன. தற்போதைய பட்டறையின் தரம்: மிக நன்று. சி. ஆவுடையப்பன்.'

மையால் கையெழுத்துப் போட்டேன். இன்னாசிக்கு ஒரு படி தபாலில்.

30 ஜூன், திங்கள்

நிறுவனத்திலிருந்து ஒரு சிறுவயதுக் குரல் பேசியது. நேர்மையைப் பாராட்டுவதாகச் சொன்னது. இனிக் கோப்பு அனுப்ப இயலாது என்றும் சொன்னது. நான் முன்பு பார்த்த நாற்பத்தொன்றையும் வேறொருவர் மறுபடி பார்ப்பாராம். பெயரைக் கேட்டேன். நயினார் பரிந்துரைத்த ஆளாம். இதை நான் மறக்கப் போவதில்லை.

14 ஜூலை, திங்கள்

ஜெனோவா தொலைபேசினாள். புதிதாக ஒரு முறை துண்டு வெட்டிப் பார்த்தார்களாம். அங்கீகாரம் வந்துவிட்டதாம். ஊரில் பெயர் மாறியதா என்று கேட்டேன். "அது எங்க போவும் சார்? இன்னும் மேட்டு இன்னாசிதான். இப்பம் அப்பாவே போர்டுல அப்படித்தான் எழுதச் சொல்லுதாவ," என்றாள்.

பிறகு ஒரு செய்தி சொன்னாள். நான் தபாலில் அனுப்பிய பதினான்காம் கட்டத்தை இன்னாசி தெளிந்த ரெசினுக்குள் வைத்து வார்த்துவிட்டாராம். பழைய தாளுக்குப் பக்கத்தில், பட்டறை வாசலில், வருகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்கும்படி மாட்டியிருக்கிறார்கள். படம் அனுப்பினாள். வெயில் படாத சுவர்தான். நூறு வருடம் இருக்கும்.

பெரிதாக்கிப் படித்தேன். குற்றச்சாட்டு என்ற சொல்லில் ஒரு 'ச்' விட்டிருக்கிறேன்.

திருத்தி வேறு படி அனுப்பட்டுமா என்று கேட்டேன். அப்பாவிடம் கேட்டுவிட்டு வந்தாள்.

"இறுகிட்டாம் சார். இருக்கட்டும்ங்காவ."